எல்லை வரிசையில் கொதித்த செடான்: 9,140 கிலோமீட்டருக்கு முன்னும் பின்னும்

26 வயதான செடான். 1600 சிசி பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர், ஓடோமீட்டரில் 2,14,000 கிமீ. ஐந்து எல்லைகளைக் கடந்து 9,140 கிமீ ஓடித் திரும்பி நிற்கிறது. இது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி 380 ஆவது கிலோமீட்டரில், முதல் எல்லையின் வாகன வரிசையிலேயே முடிந்துபோனது. நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம் வெப்ப முள் நடுவில் அசையாமல் இருந்தது. வரிசையில் நின்ற நாற்பதாவது நிமிடம் அது சிவப்பைத் தொட்டது, ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு கூலண்ட் வெளியே வந்தது. அன்றே வண்டியைத் திருப்பினோம். அடுத்த ஆறு வாரம் என்ன அளந்தோம், எதில் தவறினோம், எது சரியானது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் முயற்சிக்கு முன் செய்த வேலை குறைவில்லை. புது ரேடியேட்டர், புது ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), டைமிங் பெல்ட், பிரேக் பேட், நான்கு டயர். எல்லாமே ஓடுகிற வண்டியை நினைத்துச் செய்தவை. எல்லை வரிசை வண்டியிடம் கேட்பது வேறு. முன்னால் இருந்து காற்று வராது, ரேடியேட்டருக்கு ஃபேன் மட்டுமே துணை. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் இருப்பதால் டைனமோவும் மெதுவாகச் சுற்றும். ஐந்து மீட்டர் நகர்வது, நிற்பது, அணைப்பது, மறுபடி ஸ்டார்ட் செய்வது என்று மணிக்கணக்கில் போகும். பழைய வண்டியில் ஃபேன், வயரிங், ஐடிலிங், சூடான ஸ்டார்ட் நான்கும்தான் பலவீனமாக இருக்கும். வரிசை அந்த நான்கையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடுகிறது.

விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இங்கே செலவெல்லாம் முழு டாங்க் கணக்கில் இருக்கிறது. ஒரு டாங்க் என்றால் 45 லிட்டர் பெட்ரோலின் விலை. முதல் முயற்சிக்கு முந்தைய வேலைகளுக்கு 14 டாங்க் ஆனது. வண்டியைக் கொதிக்கவைத்த கோளாற்றைச் சரிசெய்ய ஆனது ஒரு டாங்குக்கும் குறைவு.

முதல் வாரம்: தப்பான இடத்தில் தேடல்

முதலில் செய்தது, பல பட்டறைகளில் வழக்கமாகச் சொல்வதுதான்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. பலன் இல்லை. நெடுஞ்சாலையில் எஞ்சின் 62 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை, பெட்ரோல் செலவு கூடியது. நிறுத்தி வைத்தால் பழையபடி முள் ஏறியது. தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருந்தால் மட்டுமே அதைக் கழற்றுவதில் அர்த்தம் உண்டு. அது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பாத்திரமும் தெர்மாமீட்டரும் போதும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினோம். 82 என்று பொறித்திருந்தது 83 இல் திறக்கத் தொடங்கி 95 இல் முழுதாகத் திறந்தது. குறையே இல்லாத பாகம்.

அதைத் திரும்பப் பொருத்தும்போது இன்னொரு தவறு. தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் காற்று போவதற்கு ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் இருக்கும். அந்த ஊசி மேலே, கடிகாரத்தின் 12 மணி நிலையில் இருக்க வேண்டும். அவசரத்தில் கீழே வைத்து மூடிவிட்டோம். காற்று உள்ளே சிக்கியதால் முள் ஒரு நிமிடம் ஏறியது, அடுத்த நிமிடம் விழுந்தது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தது. அறிகுறி ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல், கீழ்ப் பாகங்களுக்கு நடுவே உள்ள அடைப்பு) போனதுபோலவே இருந்ததால் ஒரு நாள் வீணானது. ஊசியை மேலே வைத்து, முன்சக்கரங்களை 20 செமீ உயரத்தில் ஏற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொண்டே மெதுவாக ஊற்றினோம். 5.1 லிட்டர் போனது. முந்தைய முறை 4.3 லிட்டரிலேயே நிரம்பிவிட்டதாகத் தோன்றியது. அந்த 800 மில்லி வித்தியாசம் முழுக்கக் காற்று.

வடிகட்டிய கூலண்டின் அளவைக் குறித்துவைத்து, திரும்ப ஊற்றும் அளவோடு ஒப்பிடுவது எல்லோரும் செய்ய வேண்டியது. காற்று சிக்கியதைக் கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி இல்லை.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் காற்று இல்லை

ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்ததால் அது நன்றாக இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். மல்டிமீட்டரை வைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. எஞ்சின் ஐடிலிங்கில், பேட்டரி முனைகளில் 13.2 வோல்ட். அதே நேரம் ஃபேன் கனெக்டரில் 9.8 வோல்ட். வழியில் 3.4 வோல்ட் தொலைந்திருந்தது.

எங்கே தொலைகிறது என்று பார்க்க, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஃபேனின் பாசிட்டிவ் வயரிலும் வைக்க வேண்டும். 1.3 வோல்ட் காட்டியது. நெகட்டிவ் பக்கத்தில் அதையே செய்தபோது 2.1. ஃபேனின் எர்த் வயர் ஹெட்லைட்டுக்குக் கீழே பாடி தகட்டில் ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. அந்த போல்ட்டைக் கழற்றியபோது அடியில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து ஒரு தட்டாக வந்தன. பாசிட்டிவ் பக்கத்தில் குற்றவாளி, உள்ளே கருகிய பழைய ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்).

வோல்டேஜை ஓடும் சுமையோடுதான் அளக்க வேண்டும். ஃபேனைக் கழற்றிவிட்டு கனெக்டரில் அளந்தால் துருப்பிடித்த எர்த்கூட முழு வோல்ட் காட்டும். கரண்ட் ஓடினால்தான் இழப்பு தெரியும்.

சரிசெய்தது இப்படி: பேட்டரி பாசிட்டிவில் இருந்து 15 செமீ தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து 4 சதுர மிமீ வயர், 40 ஆம்பியர் ரிலே, நேராக ஃபேன். எர்த்துக்கும் 4 சதுர மிமீ வயரைப் பாடியில் கட்டாமல் பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தோம். பழைய ஃபேன் வயர் இப்போது ரிலேயை இயக்குவதற்கு மட்டும். ஃபேன் 14 ஆம்பியர் இழுக்கிறது. வேலை முடிந்தபின் ஃபேனில் 12.8 வோல்ட். சத்தமே மாறிவிட்டது. முன்னால் ஒரு தாளை வைத்தால் கிரில்லோடு ஒட்டிக்கொள்கிறது.

இதோடு விட்டிருந்தால் பாதிதான் தீர்ந்திருக்கும். ரேடியேட்டரின் அடியில் உள்ள வெப்ப சுவிட்ச் 95 இல் இணைந்து 90 இல் பிரிய வேண்டும். அதையும் கழற்றித் தண்ணீரில் வைத்துச் சூடாக்கினோம். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகும் இணையவில்லை. அதாவது ஃபேன் தாமதமாகத் தொடங்கி, தொடங்கிய பிறகும் முழு வேகத்தில் சுற்றாமல் இருந்திருக்கிறது. புது சுவிட்ச் 94 இல் இணைந்தது.

மூன்றாவது, ரேடியேட்டர் மூடி. ரேடியேட்டர் புதிதாக இருந்ததால் பழைய மூடியையே போட்டிருந்தோம். 0.9 பார் என்று எழுதியிருந்த மூடி, அழுத்தச் சோதனைக் கருவியில் 0.5 பாரிலேயே விட்டுவிட்டது. சாதாரணக் காற்றழுத்தத்தில் பாதி தண்ணீர், பாதி கூலண்ட் கலந்த கலவை ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் அதை இன்னும் ஏறக்குறைய 20 டிகிரி தள்ளிவைக்கும். மூடி முன்பே திறந்துவிட்டால் அந்த உபரிப் பாதுகாப்பில் கணிசமான பங்கு போய்விடுகிறது. உயரமான கணவாய்களில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் அங்கே நல்ல மூடி இன்னும் முக்கியம். புது மூடியின் விலை ஒரு டாங்கில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. புது ரேடியேட்டருக்குப் பழைய மூடி போடுவது எங்கள் பட்டியலிலேயே மிக மலிவான, மிகக் கெட்ட சிக்கனம்.

கடைசியாக, ரேடியேட்டருக்கும் பம்பருக்கும் நடுவே இருக்க வேண்டிய நுரை ரப்பர் பட்டைகள். முன்பு ரேடியேட்டர் மாற்றியபோது காணாமல் போயிருந்தன. அவை இல்லாவிட்டால் நின்ற வண்டியில் ஃபேன் தள்ளும் சூடான காற்று பக்கவாட்டில் சுற்றி மறுபடி முன்னாலேயே வருகிறது. 20 மிமீ மூடிய செல் நுரையை வெட்டி நான்கு பக்கமும் அடைத்தோம். அரை மணி நேர வேலை.

ஐடிலிங்கும் சூடான ஸ்டார்ட்டும்

ஐடிலிங் நிமிடத்துக்கு 800 சுற்று இருக்க வேண்டிய இடத்தில் 650. அந்த வேகத்தில் ஃபேன், ஹெட்லைட், வைப்பர் மூன்றும் ஓடினால் பேட்டரியில் 12.3 வோல்ட்தான். அதாவது டைனமோ போதவில்லை, பேட்டரி வடிந்துகொண்டிருந்தது. முதலில் டைனமோவைக் குறை சொல்லி அதன் பிரஷும் ரெகுலேட்டரும் மாற்றினோம். 12.4 ஆனது, அவ்வளவுதான். உண்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, த்ராட்டில் பாடியிலும் ஐடிலிங் வால்விலும் படிந்திருந்த கரி. கார்ப் கிளீனரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு சுத்தம் செய்ததும் 820 க்கு வந்தது. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றுவது கரியை அப்படியே விட்டுவைக்கும் வேலை, அதைச் செய்ய வேண்டாம். இரண்டு, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பின்னல் எர்த் பட்டை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இங்கே 0.7. 25 சதுர மிமீ புதுப் பட்டை போட்டபின் 0.1. எல்லாச் சுமையும் ஓடும்போது ஐடிலிங்கில் இப்போது 13.4 வோல்ட்.

சூடான எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் சில நேரம் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. வரிசையில் இது நடந்தால் பின்னால் உள்ள அத்தனை வண்டியும் நிற்கும். ஸ்டார்ட்டரை இயக்கிவிடும் மின்காந்த சுவிட்சான சோலினாய்டின் மெல்லிய வயரில் சூட்டில் 8.1 வோல்ட்தான் வந்தது. பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதால் ஏற்படும் இழப்பு. சோலினாய்டுக்குத் தனி ரிலே வைத்ததும் தீர்ந்தது. ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லியிருந்தார்கள். மாற்றியிருந்தால் இரண்டு டாங்க் வீண்.

வரிசைச் சோதனை

எல்லாம் முடிந்ததும் எல்லைக்குப் போகாமலே வரிசையை வீட்டு வாசலில் உருவாக்கினோம். மதியம் ஒரு மணி, நிழலில் 34 டிகிரி, பானெட் மூடியபடி, ஹெட்லைட் எரிய, 90 நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து மீட்டர் முன்னே, பிறகு பின்னே. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்டார்ட்.

அளவுக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். பளபளப்பான அலுமினியத்தில் அது தப்பாகக் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் உறையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் குறிபார்க்க வேண்டும். 91 முதல் 97 வரை ஏறி இறங்கியது, அதற்கு மேல் போகவில்லை.

வெப்ப அளவைவிட நம்பகமானது ஃபேன் ஓடும் நேரம். ஏசி இல்லாமல் 55 விநாடி ஓடியது, 80 விநாடி ஓய்ந்தது. ஃபேன் ஓயாமல் ஓடினால் அந்த வண்டியிடம் கையிருப்பு எதுவும் இல்லை என்று பொருள். இன்னும் ஐந்து டிகிரி வெயில் ஏறினால் கொதிக்கும். இந்தச் சோதனையை ஏசி அணைத்துத்தான் செய்ய வேண்டும். ஏசி போட்டால் பல வண்டிகளில் ஃபேன் எப்போதுமே ஓடும், எதுவும் தெரியாது.

எஞ்சின் எண்

முதல் எல்லையில் கொதித்ததோடு இன்னொன்றும் நடந்தது. சுங்கச் சோதனையில் பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணைக் காட்டச் சொன்னார்கள். எண் இருந்த இடத்தில் 26 வருட எண்ணெயும் மண்ணும். திரும்பி வந்து சுத்தம் செய்து படித்தபோது ஒரு இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. புத்தகத்தில் 3, எஞ்சினில் 8. எப்போதோ நகலெடுக்கும்போது நடந்த பிழை. பதிவைத் திருத்தி, அதன்படி சுங்க ஆவணத்தைப் புதிதாக வாங்கியதில் ஆறு வாரத்தில் மூன்று வாரம் போனது. இயந்திர வேலையைவிட அதிக நாள் எடுத்தது இதுதான். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியதும் இதுதான்.

சுத்தம் செய்யும் முறையில் கவனம் தேவை. பிரேக் கிளீனர், துணி, மிஞ்சிப்போனால் பித்தளைக் கம்பி பிரஷ். கிரைண்டரோ உப்புத்தாளோ அங்கே பட்டால் எண்ணைத் திருத்தியதுபோலத் தோன்றும், பிறகு எந்த விளக்கமும் எடுபடாது. எண் தெளிந்ததும் மெல்லிய கிரீஸ் பூசி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுத்து வைத்தோம். சேஸிஸ் எண்ணுக்கும் அப்படியே.

சுங்க ஆவணம் என்றது கார்னே டி பசாஜ். வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவந்து வெளியே எடுத்துப் போய்விடுவோம் என்பதற்கான உத்தரவாதம். எல்லா நாடுகளும் கேட்பதில்லை. கேட்கும் நாட்டில் அது இல்லாமல் பழைய வண்டியும் உள்ளே போகாது. ஆட்டோமொபைல் சங்கங்கள் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு தருகின்றன, அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நுழையும்போது ஒரு துண்டைக் கிழித்து, அடிக்கட்டையில் முத்திரை வைப்பார்கள். வெளியேறும்போது இன்னொன்றைக் கிழித்து, அதே அடிக்கட்டையில் இரண்டாவது முத்திரை. வெளியேறும் முத்திரை விடுபட்டால் வண்டி அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கணக்காகி, வரி கேட்டு உத்தரவாதத்தில் கைவைப்பார்கள். ஜன்னலை விட்டு நகரும் முன் அடிக்கட்டையைப் பார்த்துவிட வேண்டும். நான்காவது எல்லையில் ஒரு முத்திரை தேதியில்லாமல் விழுந்திருந்தது. அங்கேயே சொன்னதால் இரண்டு நிமிடத்தில் சரியானது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி இரண்டு வகை. 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படியானது ஓராண்டுக்கு, 1968 வியன்னா உடன்படிக்கையின்படியானது அதிகபட்சம் மூன்று ஆண்டுக்கு. எந்த நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து, தேவையானால் இரண்டும் எடுக்க வேண்டும். வண்டியின் பின்னால் ஒட்டும் நாட்டு எழுத்து நீள்வட்டத்துக்கும் அளவு உண்டு. குறைந்தது 175 மிமீக்கு 115 மிமீ, வெள்ளையில் கறுப்பு எழுத்து, எழுத்தின் உயரம் 80 மிமீ. சாலையின் பக்கம் மாறும் நாட்டில் ஹெட்லைட்டின் டிம் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கண்ணாடியில் ஒட்டும் மறைப்பு ஸ்டிக்கரை முந்தின நாளே அளந்து வெட்டி வைப்பது நல்லது.

ஆயிரம் கிலோமீட்டர் ஒத்திகை

புதிதாகத் தொட்ட இடம்தான் முதலில் விடும். அதனால் முழுச் சுமையோடு மூன்று நாளில் 1,000 கிமீ ஓட்டினோம். 640 ஆவது கிலோமீட்டரில் டைமிங் கவரின் அடியில் எண்ணெய்த் துளி. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்றியபோது கேம்ஷாஃப்ட் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசியாமல் காய்ந்து இருந்ததால் அதைத் தொடவில்லை. பழைய அழுக்கு போனதும் அது கசியத் தொடங்கிவிட்டது. எண்ணெய் பட்ட பெல்ட்டை நம்ப முடியாது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். எனவே புது பெல்ட்டையும் எறிந்துவிட்டு, கேம் சீல், கிராங்க் சீல் இரண்டும் போட்டு மறுபடி கட்டினோம். குறிகளைப் பொருத்தியபின் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் அதே இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். சுற்றும்போது எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம், சேதமில்லை.

ஒத்திகையில் தெரிந்த இன்னொன்று சுமை. மொத்த எடை வரம்புக்குள்தான் இருந்தோம், ஆனாலும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. சக்கர மையத்தில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரை, காலியாக 365 மிமீ, சுமையோடு 302. காரணம் டிக்கி. அச்சுக்கு அச்சு 2.5 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 75 செமீ பின்னால் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் 130 கிலோ ஏறும், முன் அச்சில் இருந்து 30 கிலோ குறையும். ஸ்டியரிங் இலேசாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். கருவிப் பெட்டி, தண்ணீர், உதிரி எண்ணெய் எல்லாவற்றையும் முன் இருக்கைகளுக்குப் பின்னே தரையில் பட்டையால் கட்டினோம். டிக்கியில் துணிமணி மட்டும். 328 மிமீக்கு வந்தது. கூரைக் கேரியரைக் கழற்றிவிட்டோம். அதில் ஏற்ற நினைத்த பொருளில் பாதி தேவைப்படவே இல்லை.

பிரேக்கைப் பொறுத்தவரை ஒரே ஒரு சொல்: எண்ணெய். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பெடல் திடீரென்று பஞ்சாகிப் போவது அதனால்தான். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி வெளியே தெளிவாக வரும்வரை ஒரு லிட்டர் மாற்றினோம். நான்கு ரப்பர் ஹோஸும் புதிது. டயரின் நான்கு இலக்கத் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். ஸ்டெப்னியின் தேதியை மட்டும் எல்லோரும் மறப்பார்கள். இந்த வண்டியில் இருந்த ஸ்டெப்னிக்குப் பதினேழு வயது.

உதிரிகள் 11 கிலோ: ஃபேன் பெல்ட், மேல் கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும், மூடி, இரண்டு ரிலே, ஃப்யூஸ்கள், பெட்ரோல் பம்ப், ஃபில்டர் இரண்டு, ஒரு செட் பிளக், கிராங்க் சென்சார், கிளச் கேபிள், ஹோஸ் கிளாம்ப், கட்டுக் கம்பி, நான்கு லிட்டர் எண்ணெய். சென்சார் சிறியது, ஆனால் அது போனால் எஞ்சின் முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும், வழியில் கிடைக்கவும் கிடைக்காது.

வழியில்

380 கிமீ. அதே எல்லை, இரண்டு மணி ஐம்பது நிமிட வரிசை. வெப்பம் 91 முதல் 97. ஃபேன் 60 விநாடி ஓட்டம், 75 விநாடி ஓய்வு. வாசலில் கிடைத்த எண்களோடு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1,450 கிமீ. எண்ணெய் 600 மில்லி குறைந்திருந்தது. அளவுகோலை காலையில், எஞ்சின் ஆறிய பிறகு, சமதரையில் மட்டுமே பார்த்தோம்.

2,300 கிமீ. 3,900 மீட்டர் உயரக் கணவாய். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 62 சதவீதம்தான், எஞ்சினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். கடைசி 14 கிமீ இரண்டாவது கியரில். கியரைக் கூட்டி எஞ்சினைத் திணறவிடாமல் 3,000 சுற்றில் வைத்திருந்தால் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றும், சூடு ஏறாது. இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர்.

3,100 கிமீ. குறைந்த ஆக்டேன் பெட்ரோல். நான்காவது கியரில் 2,000 சுற்றுக்குக் கீழே எஞ்சின் தட்டியது. பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பழைய நிலையை பெயின்ட் கோடு போட்டுக் குறித்துவிட்டு மூன்று டிகிரி பின்னுக்குத் திருப்பினோம். நல்ல பெட்ரோல் கிடைத்ததும் கோட்டுக்கே திரும்பியது.

4,800 கிமீ. இடது முன் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ரப்பர் கிழிந்து வீல் உள்பக்கமெல்லாம் கிரீஸ். மண் புகுவதற்குள் துடைத்து, மாலிப்டினம் கிரீஸ் அடைத்து, சைக்கிள் டியூபை நீளவாக்கில் பிளந்து இரண்டு சுற்றுச் சுற்றி டை போட்டு இறுக்கினோம். 1,100 கிமீ தாங்கியது. உதிரிப் பட்டியலில் இந்த ரப்பர் இல்லை. இருந்திருக்க வேண்டும். 26 வயது வண்டியில் இரண்டு பக்கமும் புறப்படும் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

6,200 கிமீ. சைலன்சர் தொங்கும் ரப்பர் அறுந்தது. கட்டுக் கம்பி. 8,300 கிமீ. இடது பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு. வேகத்தைக் குறைத்து ஓட்டியதோடு சரி.

மொத்தம் 712 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 12.8 கிமீ. 3.9 லிட்டர் எஞ்சின் எண்ணெய். கூலண்ட் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. ஆறு வார வேலைக்கு ஒன்பது டாங்க். அதில் பெரும் பங்கு இரண்டாவது டைமிங் பெல்ட்டுக்கும், வீணாக மாற்றிய டைனமோ பாகங்களுக்கும்.

அடுத்த முறை வேலைகளின் வரிசை தலைகீழாகும். முதல் நாள் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும். இரண்டாம் நாள் மல்டிமீட்டரோடு எல்லா எர்த் புள்ளிகளும், இந்த வண்டியில் ஏழு. அதன்பின் வரிசைச் சோதனை, எதையும் மாற்றும் முன்பே. அது காட்டும் குறைகளுக்குப் பிறகுதான் பாகம் வாங்குவது. பெல்ட்டைத் திறந்தால் சீல்களும் கட்டாயம். ஒத்திகை 1,000 கிமீ புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னால், பாகம் வரவழைக்க நாள் இருக்கும்படி.

வந்தபின் ஃபேன் மோட்டாரைத் திறந்து பார்த்தோம். புறப்படும் முன் 11 மிமீ இருந்த கார்பன் பிரஷ் இப்போது 8 மிமீ. 5 மிமீக்கு வந்தால் ஸ்பிரிங் அழுத்தம் போதாது. இன்னொரு பயணம் இதே நீளம் என்றால் அதே பிரஷோடு போக முடியாது. ஒரு ஜோடி வாங்கி, மூடியின் உள்பக்கம் தேதி எழுதி, உதிரிப் பெட்டியில் டிரைவ் ஷாஃப்ட் ரப்பர்களோடு வைத்தாயிற்று.